பதினொரு பலாச்சுளைகள்

ஒப்பந்தப்புள்ளி கோராமல் ஒரு குருவிக்கூடுகூட எழ இயலாத ஒரு காட்டில், பொன்னுரங்கம் என்னும் முள்ளம்பன்றி ஏரிக்கரை உடைப்பை அடைக்கும் அரசுப் பணியை எடுத்திருந்தது. கரைக்குக் கீழே முயல்களின் வளைகள் இருந்தன. மழை தொடங்கப் பதினைந்து நாள்களே எஞ்சியிருந்தன.

அக்காட்டு அரசு ஒப்பந்தக்காரர்களுக்கென்று ஓர் ஒழுக்கநெறிக் கையேட்டை வெளியிட்டிருந்தது. பொன்னுரங்கம் அதனை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியது. புளியமரத்தில் புகார்ப் பெட்டியைத் தொங்கவிட்டது. மண் சுமக்கும் எறும்புகள் அனைத்திற்கும் மூன்று நாள் பயிற்சி அளித்து உறுதிமொழியும் வாங்கியது. மாதந்தோறும் படிவத்தில், "கண்டறிந்த முறைகேடுகள்: இல்லை" என்று எழுதி அனுப்பியது.

வினை அங்கேதான் தொடங்கிற்று.

ஒழுக்கநெறி அலுவலரான கரடி ஒருநாள் காலையில் பணித்தளத்திற்கு வந்தது. வழக்கப்படி அதன்முன் பலாச்சுளைகள் வைக்கப்பட்டன. வழக்கப்படி அவை மறைந்தன.

"என்ன பொன்னுரங்கம், மூன்று மாதமாக 'இல்லை' என்றே எழுதியிருக்கிறீர்?"

"இல்லாததை வேறு எப்படி ஐயா எழுதுவது?"

"முறைகேடு இல்லையென்றால் உம்முடைய கண்டறியும் அமைப்பு தூங்குகிறது என்று பொருள். கிழக்குக் கரையில் நரியாரைப் பாரும்! மாதம் பதினான்கு கண்டுபிடிக்கிறார்."

"அவற்றைச் செய்தவர் யார் ஐயா?"

"அவரேதான். அதனால் என்ன? கண்டுபிடித்தாரா, இல்லையா?"

பொன்னுரங்கம் கையேட்டை எடுத்துப் புரட்டத் தொடங்கியது.

"மாலைக்குள் ஒன்றையாவது காட்டும். தவறினால் ஒப்பந்தம் ரத்து; மறு ஒப்பந்தப்புள்ளிக்கு மூன்று மாதம் ஆகும்" என்று சொல்லிவிட்டுக் கரடி மரநிழலில் சாய்ந்தது.

மூன்று மாதத்தில் முயல்களின் வளைகள் குளமாகிவிடும். பொன்னுரங்கம் மேஸ்திரி அஞ்சலை என்னும் எறும்பிடம் ஓடியது.

"அஞ்சலை, உங்களில் யாரேனும் எதையாவது திருடியதுண்டா?"

"நல்லா கேட்டீங்க மொதலாளி! நாங்க சுமக்கிறது மண்ணு. காடு முழுக்க மண்ணு கெடக்கு. திருடிக்கிட்டுப் போயி எங்க வைக்கிறது?"

"வராத நாளுக்கு வந்ததாகக் கையெழுத்து?"

"எறும்பு என்னைக்கு மொதலாளி லீவு போட்டிருக்கு?"

வேறு வழியின்றிப் பொன்னுரங்கம் ஒரு பொய் முறைகேட்டை எழுத முனைந்தது. முதற்சொல்லிலேயே அதன் முட்களெல்லாம் சிலிர்த்து நின்றன.

"உங்களுக்கு இது வராது, விடுங்க. புகார்ப் பெட்டியத் தொறந்து பாத்தீங்களா?" என்றது அஞ்சலை.

பெட்டியில் ஓர் இலை கிடந்தது. பயிற்சியை மெய்யென்றே நம்பிவிட்ட அஞ்சலை எழுதிப் போட்டது அது. பொன்னுரங்கம் தலைப்பை மட்டும் படித்துவிட்டு மகிழ்ச்சியில் உருண்டோடிச் சென்று கரடியை எழுப்பியது.

"ஐயா, அகப்பட்டுவிட்டது! பணித்தளத்திலேயே கையூட்டு!"

"பலே! படியும், படியும்."

"பொருள்: பலாச்சுளை. எண்ணிக்கை: பதினொன்று. கொடுத்தவர்: ஒப்பந்தக்காரர் பொன்னுரங்கம். பெற்றவர்..." பொன்னுரங்கம் அப்போதுதான் அடுத்த சொல்லைக் கண்டது. ஆயினும் உறுதிமொழி எடுத்த விலங்காதலால் நிறுத்தவில்லை. "பெற்றவர்: ஒழுக்கநெறி அலுவலர்."

கரடி மெல்ல வாயைத் துடைத்துக்கொண்டது.

"அது உபசாரமய்யா."

"உபசாரமும் கையூட்டே என்று கையேட்டின் நாற்பதாம் பக்கம் சொல்கிறது. அதை எழுதியவர்..."

"நான்தான்" என்றது கரடி, தரையைப் பார்த்தவாறு.

பிறகு கரடி படிவத்தை இழுத்துத் தன் கையாலேயே எழுதியது: "முறைகேடு ஏதுமில்லை. கண்டறியும் அமைப்பு மிக மிகச் சிறப்பாகச் செயல்படுகிறது. பணி தொடரலாம்."

மழைக்கு இரண்டு நாள் முன்பே கரை அடைபட்டது. முயல்கள் ஈரம்படாமல் உறங்கின. பொன்னுரங்கம் அந்த இலையைக் கிழிக்கப் போனபோது, அஞ்சலை தடுத்து அதனை மீண்டும் பெட்டிக்குள் போட்டது.

"இருக்கட்டும் மொதலாளி. அடுத்த வேலைக்கும் அவருதானே வருவாரு?"

நீதி: நேர்மையாளர் ஒவ்வொருவரும் ஒரு முறைகேட்டையாவது கைவசம் வைத்திருத்தல் வேண்டும், அது மேலதிகாரியுடையதாக இருத்தல் நலம்.