நீலக் குதிரையும் திருட்டுச் சட்டமும்

மரியாதைக்குரிய வின்னி அத்தைக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். குட்டி மேபல் இப்போதுதான் தூங்கினாள். உங்கள் முழங்கால் தேவலையா? இங்கே மூவரும் நலம்; இதுவரை யாரும் கைதாகவில்லை என்ற அளவில் நலம். மாஜிஸ்திரேட்டாக இருந்து ஊர்த் திருடர்களையெல்லாம் நேரில் பார்த்தவர் நீங்கள். அதனால் உங்களிடம் மட்டும் கேட்கிறேன்: நான் திருடியா?

எங்கள் தெரு வழக்கம் உங்களுக்குத் தெரியும். வேண்டாத சாமானை மதிலுக்கு வெளியே நடைபாதையில் வைத்தால், வேண்டியவர் எடுத்துப் போகலாம். கதவைத் தட்டி யாரும் கேட்பதில்லை. கேட்டால் வைத்தவருக்கும் கூச்சம், எடுப்பவருக்கும் கூச்சம். சட்டத்துக்கு அஞ்சாதவர்கூட இங்கே கூச்சத்துக்கு அஞ்சுவார். அப்படித்தான் போன சனிக்கிழமை திருமதி லம்லி வீட்டு மதிலோரம் பிள்ளைகள் ஏறி ஆடும் ஒரு பழுப்பு மரக்குதிரை மழையில் நனைந்துகொண்டிருந்தது. பாவமென்று மேபலின் தள்ளுவண்டியில் ஏற்றி வந்து, துடைத்து, நீலப் பெயின்ட் அடித்தேன். நீலம் தீர்ந்துபோனதால் ஒரு காதுக்கு மட்டும் வீட்டிலிருந்த வெள்ளை.

திங்கட்கிழமை ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் அதே திருமதி லம்லி. ஊரில் இருக்கும் ஒரே குழந்தைக் காப்பகம் அவருடையது. மேபலுக்கு இடம் உண்டா இல்லையா என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தார். இடம் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் என் ஆய்வுக்கூட வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

"எங்க காப்பகத்துக் குதிரைய எவளோ திருடிட்டுப் போயிட்டா, டாம்சின். பிள்ளைங்க அழுது தீக்குதுங்க. குழந்தைங்க குதிரைய எடுக்கறவ என்ன ஜென்மமோ," என்றார்.

"ரொம்ப அநியாயங்க," என்றேன். வேறென்ன சொல்ல? பின்னால் ஆறு பேர் நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து டங்கனிடம் சொன்னால், ஆறுதல் சொல்ல வேண்டிய புருஷன் போனில் திருட்டுச் சட்டத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, நாக்கைச் சப்புக்கொட்டியபடி வாசிக்கிறான். "திருட்டுன்னா, அடுத்தவங்க பொருள நேர்மையில்லாம எடுத்து, திருப்பித் தராம நமக்கே வச்சுக்கற எண்ணம் இருக்கணும். நீ எடுத்தப்போ அவங்க வேணாம்னு வச்சதா நெனச்ச. அதுவரைக்கும் தப்பிச்ச. ஆனா தெரிஞ்ச பிறகும் வச்சுக்கிட்டா திருட்டுதான். ரொட்டிக்கடைக்கு நல்லவளா போயி திருடியா திரும்பி வந்திருக்கடி."

"திருப்பிக் குடுத்துடறேன்."

"குடு. பெயின்ட் அடிச்சதுக்கு என்ன சொல்லுவ? அடுத்தவங்க சொத்துக்குச் சேதம். அது தனிக் கேஸ்."

"டங்கன், நீ வாய மூடு."

மறுநாள் குதிரையைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, மேபலை நடத்திக் கூட்டிப்போனேன். கதவு திறந்தது. தொந்தரவு கொடுத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். திறக்கத் தாமதமானதற்கு அவர் கேட்டார். மிதியடியில் சேறு பட்டதற்கு நான். மிதியடி அங்கே கிடந்ததற்கு அவர். மழைக்கு இருவரும் சேர்ந்து. கடைசியில் உண்மையான குற்றத்துக்கென்று ஒரு மன்னிப்புகூட மிச்சமில்லை. அதற்குள் அவர் குதிரையைப் பார்த்துவிட்டார்.

"அடடே, நீலக் குதிரை. எங்களோடது போச்சுன்னு தெரிஞ்சு இதக் கொண்டாந்தியாம்மா? ஊர்ல இப்படி ஒருத்தி இருக்கறப்போ, அப்படி ஒருத்தியும் இருக்கா பாரு."

நான் வாயைத் திறந்தேன். வந்த சொல் "ஆமாங்க".

மேபலுக்கு இடம் கொடுத்துவிட்டார், அத்தை. கூடவே இரண்டு பாட்டில் மார்மலேட், அவரே காய்ச்சிய ஆரஞ்சு ஜாம்.

டங்கன் அதை ரொட்டியில் அப்பிக்கொண்டே தீர்ப்பு சொன்னான்: "பொய் சொல்லி ஆதாயம் பாத்தா மோசடி. திருடிங்கற பட்டம் போயி இப்ப பதவி உயர்வு."

"அப்போ அந்த மார்மலேட் மோசடியில வந்த பொருள். தெரிஞ்சே நீ திங்கற. திருட்டுப் பொருளக் கையாள்றது உன் கேஸ்," என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்தான். "பசிக்கு விலக்கு ஏதும் போட்டிருக்கானா பாரு," என்று மறுபடி எடுத்துக்கொண்டான்.

எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. பொய் சொல்லி வாங்கிய இடத்தில் பிள்ளையை எப்படி விடுவது? நாளைக் காலை போய் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். இடம் போனால் போகட்டும், வேலையும் போகட்டும். மாமாவுக்கு எங்கள் அன்பு, உங்கள் பூனைகளுக்கு மேபலின் முத்தம். தெய்வம் உங்கள் முழங்காலையும் என் மானத்தையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
டாம்சின்

பின்குறிப்பு: விடிந்துவிட்டது. உறையை ஒட்டப்போனபோது திருமதி லம்லியே போன் செய்தார். அவருடைய பழுப்புக் குதிரை கிடைத்துவிட்டதாம். கால் ஆடுகிறதென்று அவர் மைத்துனர் சொல்லாமல் கொள்ளாமல் ரிப்பேருக்கு எடுத்துப் போயிருக்கிறார். அப்படியானால் நான் எடுத்தது யார் குதிரை? அவருடையதும் பக்கத்து வீட்டு டக்வொர்த்துடையதும் ஒட்டிய வீடுகள், மதில் ஒன்றுதான். டக்வொர்த்தின் பேரன் அந்தச் சனிக்கிழமையிலிருந்து எதையோ கேட்டு அழுவது தெருவுக்கே கேட்கிறது. அவன் விளையாடிவிட்டு மதிலோரம் விட்டுப் போனதைத்தான் நான் தூக்கி வந்திருக்க வேண்டும். "நீலத்த விட்டு ஒரு பிள்ளையும் இறங்க மாட்டேங்குது, இனி அத யாருக்கும் குடுக்கறதா இல்ல," என்று திருமதி லம்லி சிரிக்கிறார். நான் உண்மையைச் சொல்லிவிட்டால், தெரிந்தும் வைத்திருப்பவர் அவர். அந்த நிமிஷம் முதல் அவரும் திருடி. திருடி நடத்தும் காப்பகத்தை யார் திறந்திருக்க விடுவார்கள்? இப்போதைக்கு இந்தத் தெருவில் குற்றமற்றவர் அவர் ஒருவர்தான், அதுவும் நான் வாயை மூடிக்கொண்டிருப்பதால். மேபல் காப்பகத்துக்குப் போக ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். சொல்லட்டுமா, வேண்டாமா? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.