எக்ஸ் மாமாவின் மூக்குக் கண்ணாடி

“ரெண்டு மணி நேரம் சார்” என்று கடைசி பெஞ்சிலிருந்து விடை வந்தபோது கணக்கு வாத்தியார் இன்னும் கேள்விக்குறியைப் போட்டு முடிக்கவில்லை.

ஒரு குழாய் ஆறு மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும், இன்னொன்று மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம். இருபத்தாறு வருடமாக இந்தத் தொட்டியை அவர் இதே கரும்பலகையில்தான் நிரப்பி வருகிறார். எந்த வகுப்பிலும் அது ஒரு பாடவேளைக்குள் நிரம்பியதில்லை. பாதி நிரம்பும்போது மணி அடித்துவிடும். மறுநாள் மறுபடி காலித் தொட்டியிலிருந்து ஆரம்பிப்பார். அப்படி மூன்று நாள் ஓட்டக்கூடிய தொட்டியை ஒரு பெண் அரை நிமிடத்தில் நிரப்பிவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

“கணக்கு அக்கா சார்.”

எந்த அக்கா, யாருடைய அக்கா என்று அவர் கேட்டதற்கு வகுப்பே சிரித்தது. போனில் வருகிற அக்காவாம். முகம் காட்ட மாட்டாளாம். ஒரு சிலேட்டும் ஒரு கையும் மட்டும் தெரியுமாம். பாடம் ஐந்தே நிமிடம். நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்களாம். இந்தத் தொட்டிக் கணக்கில் தண்ணீரைத் திறந்துவிட்டு மறந்துபோகிறவர் எக்ஸ் மாமா என்றும், எல்லாக் கணக்கிலும் அவர் வருவார் என்றும் ஆளுக்கு ஒரு துண்டாகச் சொன்னார்கள். எக்ஸ் மாமா என்ற பெயரைச் சொல்லும்போதே சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வாத்தியார் கேள்விக்குறியைப் போட்டு முடித்தார். அதற்கு இனி வேலை இல்லை என்று தெரிந்தும் போட்டார்.

மத்தியானம் ஆசிரியர் அறையில், பக்கத்து நாற்காலிக்காரரான பௌதிக ஆசிரியர் தன் போனில் அதைப் போட்டுக் காட்டினார். கை வந்தது. சிலேட் வந்தது. குரல் வந்தது. எங்கேயோ கேட்ட குரல் போலத்தான் இருந்தது, ஆனால் பிடிபடவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் குரல் பேசும்போதெல்லாம் அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தவர்.

கணக்குதான் காட்டிக்கொடுத்தது. எக்ஸ் மாமா தன் மூக்குக் கண்ணாடியை ஒரு நாளில் ஐந்து முறை தேடுகிறார், அதில் மூன்று முறை அது அவர் நெற்றியிலேயே இருக்கிறது, அப்படியானால் அடுத்த முறை தேடும்போது அது நெற்றியில் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன என்று குரல் கேட்டது. சரியாகப் பார்ப்பதற்காக வாத்தியார் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். மேஜையில் தேடினார். பிறகு கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

“யார் பெத்த பிள்ளையோ, பாவம்” என்றார் பௌதிகம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இவன் வெளியில தலைகாட்ட முடியுமா?”

வாத்தியார் பன்னிரண்டு பாடங்களையும் பார்த்தார். கூட்டுத் தொடரில் அவர் தலைமுடி உதிர்ந்தது. ‘இதோ வந்துட்டேன்’ என்று சொன்ன பிறகு அவர் எழுந்து வர எட்டு, பன்னிரண்டு, இருபத்தைந்து நிமிடங்கள் ஆயின, சராசரி பதினைந்து. அவருடைய குறட்டைக்கு வரைபடம் இருந்தது. அதில் ஏற்றமும் இறக்கமும் துல்லியமாக இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் நேரில் பார்த்திருந்தால்கூட இவ்வளவு தெரிந்திருக்காது. மனிதனுக்கு நான்கு சுவர் எதற்கு என்று அவருக்குத் தோன்றியது. நான்கும் இருந்தும் வீடு நாற்பதாயிரம் பேருக்குத் திறந்துகிடந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. எக்ஸ் யாரென்று இன்னும் யாருக்கும் தெரியாது. வகுப்புக்குத் தெரியாது. அது தெரிந்துவிட்டால் அந்தக் கரும்பலகை முன்னால் பிறகு நிற்க முடியாது. அது ஒன்றைக் காப்பாற்றியாக வேண்டும்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அலமாரியைப் பார்த்தார். இரண்டு தடித்த அகராதிகள், நடுவில் சப்பாத்திக் கட்டை, கட்டையின் நுனியில் ரப்பர் வளையம். ஒரு வருடமாக அது அங்கே இருக்கிறது. வீட்டை ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். போனை மாட்டும் தாங்கி அது என்று இப்போதுதான் புரிந்தது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“கணக்கு அக்கா” என்றார்.

“பாத்துட்டீங்களா? எந்தப் பாடம்?” என்றாள், கை நிற்காமல்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?”

“கேட்டேங்க. மூணு தடவை. நீங்க பேப்பர்ல இருந்தீங்க. மூணு தடவையும் சரி சரின்னீங்க. அதையும் கணக்காப் போட்டாச்சே, நாலாவது பாடம். சொன்னதுல எத்தனை சதவீதம் காதுல விழும்னு.”

“ஊரே சிரிக்குது.”

“உங்க பேரைச் சொன்னேனா? எக்ஸ்னுதானே சொன்னேன். எக்ஸ்ங்கறது யாரா வேணா இருக்கலாம்னு நீங்கதானே பாடம் நடத்துவீங்க.”

அவர் உட்கார்ந்தார். இந்தக் கணக்கெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாள் என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போயிற்று. விடை அவருக்குத் தெரியும். அவருடைய கையெழுத்து மருந்துக் கடையில்கூடச் செல்லாது. அதனால் பதினெட்டு வருடமாக அவருடைய வினாத்தாள் ஒவ்வொன்றையும் பிரதி எடுத்துக் கொடுக்கிறவள் அவள். பிரதி எடுத்தால் மட்டும் போதாது, விடைக் குறிப்பும் வேண்டும் என்று அவர் சொல்ல, ஒவ்வொரு கணக்கையும் போட்டுப் பார்க்கிறவளும் அவள்தான். கீழே கையெழுத்து மட்டும் அவருடையது. தலைமையாசிரியை இரண்டு முறை அந்தக் கையெழுத்தின் மேலே இருந்த அழகான எழுத்துக்காக அவரைப் பாராட்டியிருக்கிறார். அவரும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

“நிறுத்திடு” என்றார். குரல் அவர் நினைத்ததைவிட மெல்லியதாக வந்தது.

“நிறுத்திடறேன். அரையாண்டு வினாத்தாளை இந்தத் தடவை நீங்களே எழுதிக்குங்க.” மடித்த சட்டையை அவர் மடியில் வைத்தாள். “பழகினாப்பல ஆகும்.”

பேச்சு அதோடு முடிந்தது. கெஞ்சினால் மிஞ்சுகிறாள், மிஞ்சினால் வினாத்தாள் என்கிறாள். இனி மேலிடத்துக்குத்தான் போக வேண்டும் என்று வாத்தியார் முடிவு செய்தார்.

மறுநாள் பௌதிகத்திடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார். ஒருவருக்கு ஒரு பதிவு மனக்கஷ்டம் தந்தால் எங்கே எழுதித் தெரிவிப்பது. பௌதிகம் விடைத்தாள் திருத்திக்கொண்டே, அதற்கென்ன, பதிவுக்குக் கீழேயே இடம் இருக்கிறதே என்றார்.

இருந்தது. ‘உங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்’ என்று ஒரு கட்டம். இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார்களே என்று வாத்தியாருக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல், ஒற்றை விரலால் இரண்டு மணி நேரம் தட்டினார். எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி, ஏதாவது எழுதித் தர வேண்டுமா என்று கேட்டாள். பள்ளிக்கூட விஷயம் என்றார். பதினெட்டு வருடத்தில் அவரே தனியாக எழுதிய முதல் ஆவணம் அதுதான்.

கடிதம் என்றால் அவருக்கு முறை தெரியும். அனுப்புநர் என்று போட்டுத் தன் பெயர், பட்டம், பதவி, பள்ளி, கதவு எண், தெரு, தொலைபேசி எண் அனைத்தையும் எழுதினார். பெறுநர், உயர்திரு நிர்வாகி அவர்கள். பொருள், என் அந்தரங்கத்தைக் காத்தல் தொடர்பாக. மேற்படி பாடங்களில் எக்ஸ் மாமா என்று குறிப்பிடப்படும் நபர் நானே என்று தொடங்கினார். ஆதாரம் இல்லாமல் புகார் எடுபடாது என்பதால் பதினோரு பழக்கங்களையும் வரிசை எண் இட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உண்மை என்று குறித்தார். கண்ணாடி விஷயத்துக்கு வந்ததும் விரல் நின்றது. மூன்று முறை என்பது மிகை. அவர் மனசாட்சிப்படி அது இரண்டுதான். புகார் வேறு, கணக்கு வேறு. தவறான கணக்கைத் தாண்டிப் போக இருபத்தாறு வருடப் பழக்கம் விடவில்லை. ‘ஐந்தில் மூன்று அல்ல, ஐந்தில் இரண்டு எனத் திருத்தி வாசிக்கவும்’ என்று சேர்த்தார். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள. அனுப்பினார்.

மனம் லேசாகி, சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

நான்கு மணிக்குப் போன் அடித்தது. எக்ஸ் மாமாவா என்று ஒரு குழந்தை கேட்டது. அவர் வைத்தார். மறுபடி அடித்தது. கண்ணாடி கிடைத்ததா என்று ஒரு பெரியவர் கேட்டார். தனக்கும் அதே தொந்தரவுதான், ஆனால் ஐந்தில் நான்கு என்றார். இருட்டுவதற்குள் நாற்பத்தொன்று. எண்ண வேண்டாம் என்றுதான் நினைத்தார். முடியவில்லை.

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். மனைவி வாங்கிப் பார்த்தாள். முழுவதையும் படித்தாள், முகவரி உட்பட. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

“இது எல்லாரும் படிக்கிற இடங்க” என்றாள்.

“அழிச்சிடு.”

“அழிக்கலாம். முந்நூறு பேரு அதைப் படம் புடிச்சு வெச்சிருப்பாங்க.” அடுப்பைத் தணித்தாள். “ஒண்ணு சொல்லட்டுமா? ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு பிழை இல்ல.”

கடிதம் அழிக்கப்படவில்லை. மறுநாள் காலை பார்த்தபோது முகவரியும் போன் எண்ணும் மட்டும் மறைக்கப்பட்டு, எல்லாக் கருத்துகளுக்கும் மேலே முதலாவதாகக் குத்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் கீழே கணக்கு அக்காவின் பதில் ஒரே வரி. ‘திருத்தத்துக்கு நன்றி. மாணவர்கள் விடையை 2/5 என மாற்றிக்கொள்ளவும்.’

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவர் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி. கடைசி பெஞ்சுப் பெண் தயங்கித் தயங்கிக் கை தூக்கினாள்.

“சார், ரெண்டு தடவைதான்னு எப்படி எண்ணுனீங்க? நெத்தியில இருக்கறது தெரிஞ்சாத்தானே அது கணக்குல வரும்?”

பல மாதங்களில் அவரிடம் ஒருவர் கேட்ட முதல் சந்தேகம் அது. அவர் சாக்பீஸை எடுத்தார். யோசித்தார். அவள் கேட்டது சரி. அவருக்குத் தெரியாமல் நெற்றியில் இருந்த தடவைகளை அவர் எப்படி எண்ணியிருக்க முடியும்? அதை எண்ணக்கூடியவள் வீட்டில் ஒருத்திதான். மணி அடிக்கும்வரை விடை வரவில்லை.

தலைமையாசிரியை அழைத்தார். மேஜையில் பழைய வினாத்தாள் ஒன்றும், பக்கத்தில் போனில் அந்தச் சிலேட்டும் இருந்தன. எழுத்து இரண்டிலும் ஒன்றே. அதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகள் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள், வகுப்பில் ஒரு திரை வைத்துவிடலாம், தினமும் ஒரு பாடம் ஓடட்டும், போடுவதையும் அணைப்பதையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள் என்றார் கடைசியாக.

வீட்டில் கேட்டார். இந்த முறை செய்தித்தாள் இல்லாமல் உட்கார்ந்து கேட்டார். மனைவி, சரி சரி என்றாள். அவள் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்றாவது பாடத்துக்கு நேரமாகிவிட்டது.

அகராதிகளை நெருக்கினாள். கட்டையை நுழைத்தாள். போனை மாட்டினாள். எக்ஸ் மாமா ஒரு கடிதம் எழுதுகிறார், பதினோரு குற்றச்சாட்டில் பத்தை ஒப்புக்கொள்கிறார், அப்படியானால் என்று தொடங்கினாள். வாத்தியார் நாற்காலியில் அசையாமல் இருந்தார். அவருக்குப் போக வேறு அறை இருந்தது. போகவில்லை.

பாதியில் ரப்பர் வளையம் அறுந்தது. கட்டை சரிந்தது. போன் விழப்போயிற்று.

அவர் எழுந்து போய் அதைப் பிடித்துக்கொண்டார். சிலேட் முழுவதும் தெரிகிற உயரத்துக்குக் கையைத் தூக்கினார். அவள் நிறுத்தாமல் அடுத்த வரியை எழுதினாள். விடை வரும்வரை அவர் கை ஆடவில்லை.