கண்ணாடிக்குள் போன சீட்டுகள்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் வீட்டில் உள்ளவர்களும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். அதை விசாரிக்க இந்தக் கடிதத்தில் இடம் கிடையாது. உன் முழங்கால் வலி எப்படி இருந்தாலும் சரி, அடுத்த ரயிலைப் பிடித்து இங்கே வந்து சேர். உன் அக்கா மகள், அதாவது நான் பெற்ற ஒரே மகள், என் வீட்டைப் பொருட்காட்சி ஆக்கிவிட்டாள். நான் சொன்னால் காதிலேயே வாங்குவதில்லை. மாமா சொன்னால்தான் கேட்பாள்.

உன் அக்கா போய் நாலு மாசம் ஆகிறது. அன்று முதல் இந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு யோசனை. செத்தவர்களைச் சும்மா நினைத்துக்கொண்டால் போதாதாம், வித்தியாசமாக நினைக்க வேண்டுமாம். மகன் பூங்காவில் ஒரு பெஞ்ச் போட்டு, பித்தளைத் தகட்டில் அம்மா பேரைப் பொறித்து வைத்தான். ஓரிடத்தில் அரை நிமிஷம் உட்காராத மனுஷிக்குப் பெஞ்ச்! போய்ப் பார்த்தேன். எவனோ ஒருத்தன் அதில் காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் பார்த்திருந்தால் தட்டி எழுப்பி வேலைக்கு அனுப்பியிருப்பாள். மருமகள் இன்னும் ஒரு படி மேலே. அத்தையின் வாசனையிலேயே மெழுகுவர்த்தி செய்து தருகிற கடை ஒன்று இருக்கிறதாம், "அத்தைக்கு என்ன வாசனை மாமா?" என்று போனில் கேட்டாள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தவளுக்கு என்ன வாசனை இருக்கும்? ஃபினாயில் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பெஞ்சும் மெழுகுவர்த்தியும் என் வழியில் குறுக்கே வரவில்லை. மகள் செய்ததுதான் அநியாயம்.

உன் அக்கா சங்கதி உனக்கே தெரியும். சீட்டு ஒட்டாத பொருளைக் கையால் தொடமாட்டாள். கிடங்குப் பழக்கம். கடைசி மாசங்களில், டாக்டர் கையை விரித்த பிறகு, அழுதுகொண்டா இருந்தாள்? கட்டிலில் சாய்ந்து சீட்டு எழுதினாள். எழுதியதை என் கையில் கொடுத்து, எங்கே ஒட்ட வேண்டும் என்று படுத்தபடியே அதிகாரம் பண்ணினாள். மொத்தம் ஐம்பத்தெட்டு. சமையலறை அலமாரியில் "இது உப்பு. அது சோடா. நாக்கு உங்களுடையது." துணி துவைக்கிற மெஷினில் "வெள்ளையும் சிவப்பும் சேராது. நம்ம ரெண்டு பேர் மாதிரி சமாளிச்சுக்காது." குளியலறைக் கதவில் "துண்டு கட்டில்ல காயாது." வாசல் கதவில் "சாவி எடுத்தீங்களா?" இப்படி வீடு முழுக்க.

போன வாரம் மகள் வந்தாள். நான் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த ஒன்றரை மணி நேரத்தில், தலைமுடி காய வைக்கிற மெஷினால் பசையை இளக வைத்து, ஐம்பத்தெட்டையும் ஒன்றுகூடக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு படத்துக்குச் சட்டம் போடுகிறவரிடம் போய்விட்டாள். நாலு நாளில் திரும்பி வந்தது. கூடத்துச் சுவர் முழுக்க ஒரே கண்ணாடி, உள்ளே நீலமையில் எழுதியதெல்லாம் ஒரு பக்கம், சிவப்புமை ஒரு பக்கம், மேலே தனி விளக்கு. "எப்படிப்பா இருக்கு? அம்மாவோட கவிதை மாதிரி இல்ல?" என்கிறாள். உப்பும் சோடாவும் கவிதையா? நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவள் அன்றைக்கே ஊருக்குக் கிளம்பியிருப்பாள்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேள். மறுநாள் நான் வைத்த சூப் பொங்கி அடுப்பெல்லாம் நுரை. என் பனியன் அத்தனையும் ரோஸ் நிறம். ஏழு மாடி லிஃப்டைக் கழற்றி மாட்டியவனுக்குத் துணி துவைக்கத் தெரியாதா என்று கேட்காதே, லிஃப்டில் வெள்ளை சிவப்பு பார்க்க வேண்டியதில்லை. இது போதாதென்று மகள் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டுகிறாள். மாடி வீட்டுக்காரர் ஒவ்வொரு சீட்டாக வாய்விட்டுப் படித்து, விலா வலிக்கச் சிரித்தார். இப்போது படியில் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை. "துண்டு காஞ்சுதா சார்?" என்கிறார்.

நேற்று மதியம் மகள் கடைக்குப் போயிருந்தாள். பால் வாங்க வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சாத்தின சத்தம் கேட்டதும்தான் புத்தி வந்தது. சாவி உள்ளே. ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன், நேர் எதிரே சுவரில், விளக்கு வெளிச்சத்தில், பளபளன்னு தெரியுது: "சாவி எடுத்தீங்களா?" ஒரு மணி நேரம் வெயில்ல நின்னுக்கிட்டு அதையே படிச்சேன் மச்சான். மாடி வீட்டுக்காரர் வேற ரெண்டு தடவை இறங்கி வந்து பார்த்துட்டுப் போனார்.

மகள் வந்ததும் கத்திவிட்டேன். எடுத்த இடத்திலேயே எல்லாத்தையும் ஒட்டு என்றேன். எது எந்த இடம் என்று ஐம்பத்தெட்டையும் வரிசையாகச் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமா தெரியுதேப்பா. அப்புறம் சீட்டு எதுக்கு?" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. உன்னிடம் சொல்கிறேன், அவளிடம் நீ சொல். உப்பு எதுன்னு எனக்குத் தெரியாமலா? டப்பாவை எடுக்கும்போது அவள் திட்டணும், அதுக்குத்தான். உங்க அக்கா அலமாரியிலயும் கதவுலயும்தான் இருந்தா. சுவத்துல இல்ல. சுவத்துல இருக்கிறது வெறும் கையெழுத்து.

ஆகவே உடனே வா. வரும்போது நல்ல பசை ஒரு புட்டி வாங்கி வா. கண்ணாடியை நீ கழற்று, ஒட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். அழுதால் அழட்டும், நீ இளகிவிடாதே. உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நூறு வயசு இருக்கட்டும், எனக்கு வாய்த்தது மாதிரி யோசனைக்காரப் பிள்ளைகள் அவர்களுக்கு வாய்க்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் குறையாத
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதியது நேற்று. எழுதி முடித்து, தபால்தலைக்காகத் தகரப் பெட்டியைத் திறந்தேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று மகள் அதைத் திறந்தே பார்க்கவில்லை போலிருக்கிறது. மூடிக்கு உட்புறம் ஒரு சீட்டு, நான் ஒட்டாதது. கட்டிலை விட்டு இறங்கவே முடியாதவள் எப்போது எழுந்து போய் ஒட்டினாளோ. "திட்டி எழுதின கடிதமா? ஒரு நாள் வெச்சிருந்து அனுப்புங்க."

வைத்திருந்தேன். அந்த ஒரு நாளில் ஒரே ஒரு விஷயம்தான் உறைத்தது. ஐம்பத்தெட்டும் எனக்கு. மகளுக்கென்று அவள் அம்மா ஒரு சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. சுவர் அப்படியே இருக்கட்டும். பசை வேண்டாம். முழங்கால் சரியான பிறகு மெதுவாக வந்தால் போதும்.

வந்தால் தகரப் பெட்டியைப் பற்றி அவளிடம் மூச்சு விடாதே. கண்ணாடி போட்டுவிடுவாள்.