மைக்கறை சார் கண்டுபிடித்த கொலைகாரர்கள்

காகிதத்தில் சொட்டு மையை விட்டு மடித்தே, நரிக்குடி வட்டாரம் முழுக்கக் கொலைகாரர்கள் என்று கண்டுபிடித்த மேதை இந்த உலகத்தில் ஒருவர்தான். எங்கள் நூல் மில்லுக்கு ஆள் எடுக்கும் அதிகாரி. நாங்கள் வைத்த பெயர் மைக்கறை சார்.

போன வருஷம் மதுரையில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். மைக்கறையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டால், ஆளின் குணம் வெளியே வந்துவிடுமாம். அட்டைகளை அவரே தயாரித்தார். ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது என் வேலை. வாயே திறக்கமாட்டேன் என்பதுதான் அதற்கு என் தகுதி.

முதலில் வந்தவர் நரிக்குடி அக்கா ஒருவர்.

"உரிச்ச ஆட்டுத்தோல விரிச்சுப் போட்டமாரி இருக்கு சார்."

"வேற?"

"நல்ல கெடாத் தோலு சார்."

"கொலைவெறி" என்று முணுமுணுத்து அனுப்பிவிட்டார். நரிக்குடிப் பக்கம் வீட்டுக்கு வீடு ஆடு. வந்தவர்களுக்கெல்லாம் தோல்தான் தெரிந்தது. ஒருவருக்கும் வேலை இல்லை.

பரளச்சிக்காரர் ஒருவர் அட்டையைப் பார்த்துப் பூரித்துப்போனார். "மழ மேகம் சார்! கெழக்கேருந்து ஏறி வருது!"

"இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுது. புத்தி பேதலிப்பு."

பாலவனத்தத்துப் பெண் ஒருத்தி பட்டாம்பூச்சி என்றாள். வேலை கிடைத்தது. வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கிய அத்தனை பேருக்கும் பட்டாம்பூச்சி. ஒரு பெரியவர், சார் அட்டையை எடுக்கும் முன்பே சொல்லிவிட்டார்.

"கூட்டுச் சதி!" எல்லோரையும் விரட்டினார் சார்.

ஆள் இல்லாமல் பாதி மெஷின் நின்றது. முதலாளி நேரில் வந்துவிட்டார்.

"ஏங்க, இந்தச் சுத்துப்பட்டுல ஒருத்தங்கூடவா ஒழுங்கா இல்ல?" அட்டையைப் பிடுங்கி சாரின் முகத்துக்கு நேரே நீட்டினார். "இப்ப நீங்க சொல்லுங்க. ஒழுங்காச் சொல்லலேன்னா நாளைக்கு வரவேணாம்."

கதவோரம் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம். சார் அட்டையையே பார்த்தார்.

"நெறையப் பேரு தெரியிறாக மொதலாளி."

"என்ன செய்றாக?"

"என்னையப் பாத்துச் சிரிக்கிறாக."

கதவோரம் சத்தம் அடங்கிவிட்டது. முதலாளி அட்டையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இதையெல்லாம் எரிச்சுப்புட்டு, வெரட்டிவிட்ட ஆளுகள நீங்களே போயிக் கூட்டியாங்க" என்றார்.

சார் வெயிலோடு வெயிலாக ஊர் ஊராகப் போனார். மெஷின்கள் ஓடின.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்கூடத்தில் டிபன் கேரியரோடு எங்கே உட்காருவது என்று தெரியாமல் அவர் நின்றார். பெஞ்சில் ஆளுக்குக் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தோம்.