ஒரு தரம் கேட்டால் போதும்

குணா டிபன் பாக்ஸைத் திறந்து, எதிரே உட்கார்ந்திருந்த பிலிப்பைப் பார்த்து, "சாப்புட வாடா" என்றான்.

ஆரணியில் நாலு பேர் நடுவில் சோற்றைத் திறந்தால் இப்படி ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். "நீ சாப்புடு, நான் இப்பதான் முடிச்சேன்" என்று எதிராளியும் சொல்லியாக வேண்டும். பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் அந்தக் கடையில் பத்து வருஷமாக இருவரும் அதைத்தான் சொல்லி வந்தார்கள்.

"சரி" என்றான் பிலிப். டப்பாவை இழுத்து, கருவாட்டுக் குழம்புச் சோற்றில் சரிபாதியைத் தன் தட்டில் போட்டுக்கொண்டான்.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"ஜெர்மனிக்குப் பழகிகினு இருக்கேன்."

பிலிப்பின் மனைவி ஃப்ளோரன்ஸ் ஜெர்மனியில் நர்ஸ். போன புதிதில் வீட்டுக்கார அம்மா ஹெல்கா, "சாப்பிடுகிறாயா?" என்று கேட்க, இவள் மரியாதைக்கு "வேண்டாம்" என்றிருக்கிறாள். அந்த அம்மா சரியென்று பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வைத்து மூடிவிட்டார். மூன்று நாள் பிரெட்டும் தண்ணீரும்தான்.

"இங்கல்லாம் ஒரு தரம்தாங்க கேப்பாங்க. அங்கயே பழகிகினு வந்துடுங்க" என்று போனில் சொல்லியிருந்தாள்.

பிலிப் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். முதலாளி துரைக்கண்ணு போகிற போக்கில், "வீட்டுப் பக்கம் வாயேம்பா" என்று சொல்லி வைக்க, ஞாயிற்றுக்கிழமை சரியாக ஒரு மணிக்குப் போய் நின்றான். முதலாளியம்மா தனக்கு எடுத்து வைத்திருந்த வறுத்த மீனை அவன் தட்டில் வைத்துவிட்டு ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை. சமாதானம் செய்ய பிலிப் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிப் போய் நீட்டினான்.

"எதுக்குப்பா இதெல்லாம், வேணாம்" என்றார் துரைக்கண்ணு.

"சரிங்க" என்று மூடி எடுத்து வந்துவிட்டான். அதோடு முதலாளி பேசிவந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றது.

புதன்கிழமை ஃப்ளோரன்ஸ் மறுபடி கூப்பிட்டாள்.

"ஹெல்கா அம்மா இந்தியாவத்தான் சுத்திகினு இருக்காங்க. சனிக்கிழமை காஞ்சிபுரத்துலேர்ந்து வேலூர் போற வழியில நம்ம வீட்டுக்கு வராங்க. உங்களப் பாத்துட்டுதான் மாடி வீட்ட ரெண்டு பேருக்கும் தருவாங்களாம். வீடு இருந்தாதான் உங்களுக்கு விசா. தயவுசெஞ்சு ஒரு தரத்துக்கு மேல எதையும் கேக்காதீங்க. வற்புறுத்தினா அவங்களுக்குப் பிடிக்காது."

கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அவர்கள் சேர்ந்திருந்தது நாற்பது நாள். பிலிப்புக்கு அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதை யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை. அம்மாவை உட்கார வைத்துப் பாடம் எடுத்தான்.

"ஒரு தரம் கேக்கறோம். வேணாம்னா விட்டுடறோம். அவ்ளோதாம்மா."

"வூட்டுக்கு வந்தவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு விட்டுட்டா, நாளைக்கு சர்ச்சுல எப்படிடா தலை காட்டுவேன்?" என்றாள் சகாயமேரி.

"விசா வேணுமா, சர்ச்சு வேணுமா?"

சகாயமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் மகனுக்காகத் தலையாட்டினாள்.

சனிக்கிழமை பகல் ஹெல்கா வந்து இறங்கினார். வெள்ளைத் தலை, சுங்குடிச் சேலை, அதற்குக் கீழே விளையாட்டு ஷூ. கார் டிரைவர் காத்தவராயன் வாசலிலேயே நின்றுகொண்டார். வீடு முழுக்க மட்டன் பிரியாணி மணத்தது.

"பிரியாணி சாப்பிடுகிறீர்களா?" என்று பிலிப் ஆங்கிலத்தில் கேட்டான்.

"வேண்டாம்" என்றார் ஹெல்கா, சுத்தத் தமிழில், சிரித்துக்கொண்டே.

பிலிப் கண்ணைக் காட்டினான். சகாயமேரி அண்டாவை உள்ளே எடுத்துப் போனாள். பத்து நிமிஷம் கல்யாண ஆல்பம் பார்த்தார்கள். அதற்குமேல் சகாயமேரிக்குத் தாங்கவில்லை. கரண்டியோடு வந்து நின்றாள்.

"கொஞ்சமா வைக்கட்டுமா?"

"வேண்டாம்." இந்தத் தடவை ஹெல்கா கையை வேறு ஆட்டினார்.

பிலிப்புக்கு உயிரே போய்விட்டது. தன் அம்மா இன்னொரு தரம் கேட்டால் விசா போச்சு. அண்டா கண்ணில் பட்டால் கேட்கத்தான் கேட்பாள். ஜல்தியாக உள்ளே போனான். அண்டாவைத் தூக்கிக் காம்பவுண்டு சுவருக்கு மேலாகப் பக்கத்து வீட்டில் கொடுத்தான். அங்கே களம்பூரிலிருந்து எட்டுப் பேர் விருந்தாளிகள். வேண்டாம் என்று அவர்கள் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது ஹெல்காவின் சிரிப்பைக் காணோம். சமையலறைப் பக்கம் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்துப் பெருமூச்சோடு எழுந்து, கைகூப்பிவிட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பிலிப் டிரைவரை ஓரமாக இழுத்தான்.

"அண்ணே, அந்தம்மாவுக்கு எதுனா கோவமா? சொல்லிக் குடுத்த மாதிரிதானே நடந்துகினோம்?"

காத்தவராயன் காரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கோவமெல்லாம் இல்ல சார், காலையிலேர்ந்து பட்டினி. 'ரெண்டு தரம் வேணாம்னு சொல்லணும், மூணாவது தரம் சாப்புடணும், அதான் உங்க ஊரு மரியாதை, ஃப்ளோரன்ஸ் சொல்லியிருக்கா'ன்னு காஞ்சிபுரத்துலேர்ந்து பழகிகினே வந்தாங்க. மூணாவது தரம் எப்ப சார் கேப்பீங்க?"