திட்டெல்லாம் போச்சே!

கண்ணாடிக் கடைக்காரர் வாயில் போட்டதை விழுங்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் அவருடைய மனைவி ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தாள்.

மனைவி என்றால் மனைவியின் குரல். மலைக்கு அந்தப் பக்கம் அணை கட்டுகிற இடத்தில் அந்த அம்மாள் இன்ஜினியர். போன வருஷம் போனவள். அங்கே சிக்னல் என்பது குதிரைக் கொம்பு. அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் லேப்டாப்பில் பேசிப் பதிவுசெய்து, ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பாள். நெட் எட்டிப் பார்க்கிறபோது அது தானாகவே வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். அந்த சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தவன் மைத்துனன். "ரெண்டு இடத்துல இருக்கும் மாமா. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பேக்கப்!"

பேசியதெல்லாம் கொஞ்சல் என்று நினைத்துவிடாதீர்கள். முக்கால்வாசி திட்டு. ஆனால் அதைக் கேட்காமல் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது. அவருக்கு அவள் வேண்டும். அவள் திரும்பி வருகிறவரைக்கும் அவள் திட்டாவது வேண்டும்.

மைத்துனனுக்கு போன் போட்டார்.

"டேய், உங்க அக்கா போறாடா!"

"ஐயோ! என்ன மாமா ஆச்சு?"

"ஃபோல்டர்ல இருந்துடா!"

ஓடி வந்தான். "பழசெல்லாம் பென்டிரைவ்ல காப்பி எடுத்து வச்சீங்கல்ல? அதையும் இதோட இணைச்சிடுவோம். கவலையை விடுங்க."

இணைத்தான். கம்ப்யூட்டரில் இருக்கிற மாதிரியே பென்டிரைவும் ஆயிற்று. அதாவது காலி.

"அடப்பாவி! இருந்ததும் போச்சே!"

"அது தன் வேலையைச் சரியாத்தான் செய்யுது மாமா. அந்தப் பக்கம் எப்படியோ, இந்தப் பக்கமும் அப்படியே."

"அப்ப பேக்கப்புன்னியே?"

"அது வேற, இது வேற போலிருக்கு."

"குப்பைத்தொட்டில கிடக்குமேடா! அதுல பாரு!"

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "வந்ததும் அதைக் காலி பண்ணிட்டேன் மாமா. கம்ப்யூட்டர் வேகமா ஓடட்டும்னு..."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மிஞ்சியது ஒன்றே ஒன்று, சாப்பிடும்போது அவர் ஓடவிட்டிருந்த பதிவு.

"நிறுத்திடாதீங்க! ஓடிட்டிருக்கிற ஃபைலை அதால அழிக்க முடியாது. நான் வேணா காப்பி பண்ணி..."

"மவுஸைத் தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்!"

பதிவு முடிந்து முடிந்து, மறுபடி மறுபடி ஓடியது. "சாப்பிட்ட தட்டைக் காயவிடாதீங்க. உடனே கழுவுங்க. அப்புறம்... ஒண்ணுமில்ல, வச்சிடறேன்."

அந்த 'ஒண்ணுமில்ல' வரும்போதெல்லாம் அவர் ஸ்பீக்கரில் காதை வைத்தார். தட்டு எதிரே காய்ந்துகொண்டிருந்தது. எழுந்து போய்க் கழுவப் பயமாக இருந்தது.

"ஏன்டா, இதெல்லாம் யார் அழிக்கிறது?"

மைத்துனன் மென்று விழுங்கினான். "அங்க அழிச்சாத்தான் மாமா இங்க அழியும்."

"உங்க அக்காவேவா? நான் என்னடா பண்ணேன்? அலாரம் வச்சு எழுந்து அவ செடிக்கெல்லாம் தண்ணி ஊத்தறேனே!"

ஒரு வருஷப் பேச்சை ஒருத்தி ஒரேயடியாகத் துடைக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? இனி உங்களோடு பேச ஒன்றுமில்லை என்றுதானே!

அணை ஆபீஸில் ஒரு போன் உண்டு. உயிர் போகிற விஷயமானால் மட்டும் கூப்பிடலாம் என்று அவள் உத்தரவு. இப்போது உயிர்தான் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டார். வெகுநேரம் மணி அடித்து, காவல்காரர் எடுத்தார்.

"ஐயா, நான் இன்ஜினியரம்மா வீட்டுக்காரர். அவங்க லேப்டாப்ல எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க. என் மேல ஏதாவது கோபமா? உங்ககிட்ட எதுவும் சொன்னாங்களா?"

"கோபமா? இங்க வேலை முடிஞ்சுது சார். ஆபீஸ் லேப்டாப்பைத் துடைச்சு ஒப்படைச்சுட்டு, பெட்டி படுக்கையோட வீட்டுக்குக் கிளம்பிட்டாங்களே... ஐயய்யோ, உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னாங்களே!"