ஓடிப்போன சேவலுக்கு ஏலம்

இதில் பாதியை நான் பார்க்கவில்லை. கோயிலில் ஃபாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் சொல்லித்தான் தெரியும். அது நடந்தபோது நான் கரும்புக்குள் இருந்தேன்.

அன்றைக்கு எனக்கு வேலை ஒன்றுதான். மிஷன் ஞாயிறு ஏலத்துக்கு எங்கள் சேவலைக் கோயிலில் சேர்க்க வேண்டும். இந்த வருடம் ஏலப் பணம் ஆப்பிரிக்காவில், மலாவியில் ஒரு கிராமத்துக் கோயில் பங்குக்கு உதவியாகப் போகும். பூசை முடிந்ததும் பூசணிக்காய், தேங்காய், கோழி எல்லாம் ஏலம் போகும். அம்மா இந்தச் சேவலை அதற்கென்றே நேர்ந்து வளர்த்தாள். மாடு கன்று போடும் நேரம், அவளால் வர முடியவில்லை.

"டிகிரி வாங்குன புள்ள. ஒரு சேவலக் கொண்டும்போயி சேக்க மாட்டியா?"

எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அதில் சேவலுக்குப் பாடம் இல்லை.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். சேவல் இருந்த பையை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம். நான் கண்டக்டரைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, சேவலுக்கு டிக்கெட் எடுக்கணுமா?"

அவர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பொட்டக் கோழின்னா ஃப்ரீன்னு வுட்டுருப்பேன். இது ஆம்பளையாச்சேம்மா."

பஸ்ஸே சிரித்தது. டிக்கெட் எடுத்தேன்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் ஒரு பயம். காலில் கட்டிய கயிறு இறுக்கமோ? ரத்தம் ஓடாதோ? கொஞ்சம் தளர்த்திவிட்டேன்.

கோயில் ஸ்டாப்பில் நான் இறங்கினேன். சேவலும் இறங்கியது, தனியாக. எதிரே இருந்த கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டது.

நானும் போனேன். தோகை கை, முகம் எல்லாம் கீறியது. கூவுவது கேட்டது, ஆள் தெரியவில்லை. அதற்குள் பூசை முடிந்து ஏலம் தொடங்கும் சத்தம். உபதேசியாருக்கு மெசேஜ் போட்டேன். "சேவல் கரும்புக்குள் ஓடிவிட்டது. தயவுசெய்து ஏலம் விட வேண்டாம்."

அவர் அதை மைக்கிலேயே படித்துவிட்டாராம். முந்தின நாள் நான் அனுப்பிய சேவல் ஃபோட்டோவைத் தூக்கிக் காட்டி, "சரக்கு இதான். ஆளு எஸ்கேப்பு. ஐநூறு, யாரு கேக்குறீங்க?"

"இந்த ஓட்டம் ஓடுதுன்னா நாட்டுச் சேவல்தான். அறுநூறு" என்றதாம் ஒரு குரல்.

அந்தத் தோட்டத்துக்காரர் முருகேசண்ணன். கிறிஸ்தவர் இல்லை, பூசணிக்காய்க்காக வருஷா வருஷம் வருபவர். எழுந்தாராம்.

"எங் கரும்புலதான கீது? ஆயிரத்து ஐநூறு. வேற எவனும் எங் கொல்லில கால வைக்கக் கூடாது."

வெறும் பையோடு நான் வந்தபோது அவர் பணத்தைக் கட்டிவிட்டிருந்தார்.

"அண்ணா, பணத்த திருப்பி வாங்கிக்குங்க. சேவல் இல்ல."

"இல்லன்னு யாரு சொன்னது? உனக்கு ஆப்புடலன்னு சொல்லு. எங்க போயிடும்? தை மாசம் கரும்பு வெட்டுறப்ப தானா வெளிய வரும்."

அம்மா ஃபோன் செய்தாள்.

"சேவல் இன்னா ஆச்சி?"

"ஆயிரத்து ஐநூறுக்குப் போச்சிமா. முருகேசண்ணன் எடுத்தாரு."

"பத்திரமா அவரு கையில குடுத்தியா?"

பொய் சொல்ல வரவில்லை. "அவரு கொல்லில வுட்டுட்டேன்மா."

மனசு கேட்காமல், அந்த மலாவி கிராமத்தின் கடிதத்தைப் பிறகு ஃபாதரிடம் கேட்டு வாங்கிப் படித்தேன். அவர்கள் உதவி கேட்டிருந்தது, கோழிகள் ஓடிப்போகாமல் இருக்கக் கம்பி வலை அடிக்க.